மூன்று சிஸ்டங்களும் ஒரு குரலும்

ரோகினியின் கழுத்தில் இருந்த கழலையை வெட்டி எடுக்க வேண்டும் என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவள் புருசன் கணேசமூர்த்திக்கு அது பெரிய சேதியாகப் படவில்லை. மலையில் கழலை ஒன்றும் அதிசயமில்லை. லய வீட்டு வரிசைக்கு ஒருத்தியாவது கழுத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு திரிவாள். டொக்டர் துண்டுச் சீட்டில் தேதியை எழுதிக்கொண்டே சிங்களத்தில் இன்னும் கொஞ்சம் சொன்னார். குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டித்தான் ஓடுகிறதாம். நூறு பேரில் ஒருவருக்கோ இரண்டு பேருக்கோ குரல் மாறிப்போகலாமாம். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது.

ரோகினி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம் என்றுதான் கேட்டாள். கணேசமூர்த்தி அந்த ஒருவர் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டான். ஹட்டன் வந்து, பஸ் மாறி, பொகவந்தலாவை வரும்வரைக்கும் அவன் வாய் திறக்கவில்லை.

"என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்றாள் அவள்.

"ஒன்னுமில்ல."

"வெட்டப்போறது எனக்கு. மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிறது நீங்க."

அப்போது ஆறு வாரம் இருந்தது.

ரோகினி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தாள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் பெண்கள் கொண்டுவந்து விட்டுப்போகிற குழந்தைகள் இருபத்துமூன்று. அவர்களை அவள் அடித்ததில்லை. ஒரு சத்தம் போடுவாள், அவ்வளவுதான். கணேசமூர்த்திக்கு ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, தேயிலை காய வைக்கிற டிரையரில். கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுவதும் அவன்தான். கல்யாணமாகிப் பதினாலு வருசத்தில் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசுவதை நிறுத்தியும் வெகுநாள் ஆகியிருந்தது. ஸ்டோரிலிருந்து வந்ததும் தேநீரை வைத்துக்கொண்டு அவன் உட்காருவான். அவள் பேசுவாள். அவன் கேட்பானா கேட்கமாட்டானா என்று யாரும் பார்த்ததில்லை. அந்த வீட்டில் இருந்தது அந்தப் பேச்சு ஒன்றுதான். அதைப் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே அவன் முடிவெடுத்திருந்தான்.

கெசட்டை அவன் நம்பவில்லை. அந்தக் குளிரிலும் ஈரத்திலும் கெசட் இரண்டு வருசம் தாங்காது. நாடா முழுக்க வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிடும். அவன் தம்பி கல்யாணக் கெசட் அப்படித்தான் போனது. கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் பூஞ்சணம் பிடிக்காது என்று யாரோ சொன்னார்கள். ஹட்டனில் ஒரு டியூஷன் வகுப்பை மூடியபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்று கைக்கு வந்தது. அவனோடு ஸ்டோரில் வேலை செய்கிற சின்னராசா பஸ் நிற்கிற இடத்திலிருந்து டிவியைப் போன்ற அந்தப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தான்.

"அண்ணே, இதுல சுடுதண்ணி வைக்கலாமா?"

"வைக்கலாம். ஒன் தலைய உள்ள விட்டா கொதிக்கும்."

"அக்கா பேசுறத இதுல அடைக்கப் போறீங்களாம். எங்க வீட்டுக்காரி பேசுறதையும் அடைச்சுத் தாங்கண்ணே. மூடிய நல்லா டைட் பண்ணி."

அதில் ஏற்கெனவே விண்டோஸ் தொண்ணூற்றெட்டு இருந்தது. திருவிழா மைக்கையே பின்னால் சொருகினான். மறுநாள் மழை. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்தபோது ரோகினி அடுப்படிப் பக்கம் சாக்கை விரித்து போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மைக்கை அரிசி மூட்டையின்மேல் சாய்த்து வைத்தான்.

"என்னத்தப் பேச?"

"எப்பவும் பேசுறதப் பேசு."

"அப்ப ஒங்க ஆத்தாவத் திட்டவா?"

திட்டினாள். பிறகு டயகமையிலிருந்து கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு லொறியில் வந்து இறங்கிய கதைக்குப் போனாள். நாலு நாள் யாரோடும் பேசாமல் இருந்தாளாம். பொண்ணு ஊமையோ என்று லயம் முழுக்கக் குசுகுசுத்ததாம். அஞ்சாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு ஆடு போஞ்சிப் பாத்திக்குள் இறங்கிவிட்டது. "நான் போட்ட சத்தத்துல கங்காணி வெள்ளச்சாமி பல்லு வெளக்குன வாயோட ஓடியாந்தாரு, யாரோ செத்துப்போயிட்டாங்கன்னு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். போஞ்சி ஒன்று தெறித்துக் கம்ப்யூட்டர் மேசைக்கடியில் போனது. அதைத் தேடிக்கொண்டே பேசினாள். முப்பத்திரண்டு நிமிசம் ஓடியது.

அடுத்த நாள் குகநேசன் மாஸ்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்க வந்து பதினோரு வருசம். ஸ்டோருக்குக் கீழே இருக்கிற குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். கம்ப்யூட்டர் சஞ்சிகைகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருப்பார். அந்தப் பக்கத்தில் இதைப் பற்றிக் கேட்க அவரைவிட்டால் ஆள் கிடையாது. தன் ஹெட்ஃபோனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு, ஐந்து நிமிசம் கேட்டார்.

"தங்கச்சி வடிவாக் கதைக்கிறா. ஆனால் உள்ளுக்கை ஒரு இரைச்சல் கிடக்குது. கேட்டனீங்களோ?"

கணேசமூர்த்தி வாங்கி மாட்டினான். இருந்தது. அவள் குரலுக்கு அடியில், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில், ம்ம்ம் என்று நிற்காத ஒரு சத்தம். நேற்று அது அவன் காதில் விழவேயில்லை. ஒருமுறை கேட்ட பிறகு அதைத் தவிர வேறெதுவும் விழவில்லை.

"மைக்கா மாஸ்டர்?"

"மைக் இல்லை. திருவிழாவிலை இப்பிடி இரையேல்லையே. சிஸ்டம்தான். தொண்ணூற்றெட்டு பழசு, சத்தத்தைச் சீராக் கையாளாது. எக்ஸ்பி போட்டுப் பாப்பம். ஹார்ட் டிஸ்க்கைத் துடைச்சுப்போட்டுத்தான் போடவேணும். முதல் உந்தப் பதிவைக் கொப்பி எடுத்து வையுங்கோ."

கொப்பி எடுப்பது சொல்ல லேசு. ஃப்ளொப்பி ஒன்றில் அரை நிமிசம்கூட அடங்காது. சீடீயில் எழுத வேண்டுமென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்குப் போக வேண்டும். கொழுந்து கொட்டுகிற மாதம் அது. ஞாயிறு, போயா லீவு என்று பார்க்காமல் ஸ்டோர் ஓடியது. ஷிப்ட் முடிந்து வரும்போது அவன் கால் இரண்டும் கட்டை. வெளியே மழை வேறு. சனிக்கிழமை போகலாம் என்று நினைத்தான். சனிக்கிழமையும் மழை. இரைச்சல் விழுந்த பதிவுதானே, இன்னும் ஐந்து வாரம் கிடக்கிறது, நல்ல சிஸ்டத்தைப் போட்டுச் சுத்தமாகப் பதிந்துகொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மாஸ்டர் கேட்டபோது, "போட்டுருங்க மாஸ்டர்" என்றான்.

"கொப்பி?"

"அது வேணாம். திருப்பிப் பதியலாம்."

மாஸ்டர் அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு சீடீயைத் தட்டில் வைத்துத் தள்ளினார்.

எக்ஸ்பி ஏறி முடிய ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. ஏறிய பிறகு அந்தப் பழைய பெட்டி மாசமான பொம்பளை மேடேறுவதுபோல் நடந்தது. ரோகினியை உட்கார வைத்து, எப்படிக் கேட்கிறதென்று பார்க்க ஹெட்ஃபோனையும் மாட்டிவிட்டான். அவள் பேசுவது அரை வினாடி பிந்தி அவள் காதிலேயே விழுந்தது. தன் சொல்லே தன்னைத் துரத்துவதுபோல் இருக்க, திக்கினாள்.

"யாரோ என்னைய நையாண்டி பண்ற மாதிரி இருக்குங்க."

"கழட்டிட்டுப் பேசு. அந்த ஆட்டுக் கதையச் சொல்லு."

"அத அன்னைக்கே சொல்லிட்டேனே."

"திருப்பிச் சொல்லு."

சொன்னாள். ஆடு வந்தது, சத்தம் போட்டாள், கங்காணி ஓடிவந்தார். எல்லாம் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்புவிக்கிற மாதிரி நாலு நிமிசத்தில் முடிந்துவிட்டது. சிரிக்க வேண்டிய இடத்தில் அவனைப் பார்த்தாள். அவன் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு இரைச்சலைத் தேடிக்கொண்டிருந்தான்.

இருந்தது. அதே ம்ம்ம்.

மாஸ்டர் மூன்று நாள் யோசித்தார். பழைய சஞ்சிகை ஒன்றோடு வந்த லினக்ஸ் சீடீ அவரிடம் இருந்தது. ஒலிப்பதிவுக்கு வெளிநாட்டில் கனபேர் அதைத்தான் பாவிக்கினமாம், அதன் உள்வேலை முழுக்க நம் கையில் இருக்குமாம். திரும்பவும் துடைத்தார்கள். லினக்ஸ் ஏறியது. சத்தமே வரவில்லை. சவுண்ட் கார்ட் என்று ஒன்று அங்கே இருப்பதையே அது ஒப்புக்கொள்ளவில்லை. மாஸ்டர் தாளில் எழுதிக்கொண்டு வந்த கட்டளைகளை ஒற்றை விரலால் தட்டுவார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மளமளவென்று ஓடி நிற்கும். இரண்டு பேரும் அதைப் பார்த்தபடி இருப்பார்கள். ரோகினி தேநீர் வைத்துவிட்டுப் போவாள். ஆறிய பிறகு எடுத்துக்கொண்டு போவாள். இப்படிப் பன்னிரண்டு நாள்.

அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் அவனிடம் அதிகம் பேசவில்லை என்பது அவனுக்குத் தெரியும். பேச ஆரம்பித்தால் அவன் கை மைக்கைத் தேடும். அதைக் கண்டதும் அவள் எழுந்துவிடுவாள். பக்கத்து வீட்டு ராசம்மாவிடம் அவள் பேசுகிற சத்தம் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்கும். அங்கே சிரிப்பும் கேட்கும். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். சிஸ்டம் சரியாகாதவரைக்கும் அந்தத் தேதி வராது என்பதுபோல் ஒரு நினைப்பு அவனுக்குள் எங்கேயோ இருந்தது. அதை எடுத்துப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

பதின்மூன்றாம் நாள் லினக்ஸில் சத்தம் வந்தது. இரைச்சலோடு வந்தது.

"இனி என்ன செய்யிறது எண்டு எனக்கும் தெரியேல்லை" என்றார் மாஸ்டர். அவர் முகம் இருண்டிருந்தது. "தொண்ணூற்றெட்டையே திருப்பிப் போடுவம். அதுதான் உந்தப் பெட்டிக்குத் தோதாக் கிடந்தது."

ஆக, முதலில் தூக்கி எறிந்ததையே கடைசியில் தேர்ந்தெடுத்தார்கள். அதைப் போட்டு முடித்தபோது ஞாயிறு இரவு. புதன்கிழமை காலையில் ரோகினி வார்டில் படுக்க வேண்டும்.

மறுநாள் திங்கட்கிழமை சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். பெரட்டுக் களத்தில் ஆளில்லை, ஸ்டோருக்கும் பூட்டு. காலை பத்து மணிக்கு கணேசமூர்த்தி மைக்கைச் சொருகி, "ஹலோ, ஒன்னு ரெண்டு மூனு" என்று பதிந்து கேட்டான். இன்னொரு முறை கேட்டான். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. கழுவித் துடைத்த கோப்பை மாதிரி இருந்தது. எழுந்து வாசலுக்கு வந்தான். மாஸ்டர் குடையை ஊன்றிக்கொண்டு படி ஏறி வந்துகொண்டிருந்தார்.

"மாஸ்டர்! சத்தம் போயிருச்சு! தொண்ணூத்தெட்டுல சுத்தமா வருது!"

"நல்லதாப் போச்சு" என்றார் மாஸ்டர் மூச்சு வாங்கியபடி. "விடிய எழும்பேக்கை எனக்குக் காது அடைச்சுப்போச்சோ எண்டு பயந்திட்டன். பேந்துதான் விளங்கிச்சு, ஸ்டோர் நிண்டிட்டுது."

இரண்டு பேரும் ஸ்டோர் பக்கம் திரும்பினார்கள். கீழே ஸ்டோரின் தகரக் கூரை நனைந்து கிடந்தது. மேல்தட்டில் கொழுந்து வாட்டுவதற்கு இரவு பகலாகச் சுற்றுகிற ராட்சதக் காத்தாடிகள் ஒன்றுகூடச் சுற்றவில்லை. கணேசமூர்த்தி பிறந்தது அந்தச் சத்தத்துக்குள். பதினெட்டு வயசிலிருந்து வேலை பார்ப்பதும் அதற்குள். அவன் காதுக்கு அது பழகிப்போயிருந்தது, மைக்குக்குப் பழகவில்லை. திருவிழாவில் நாதஸ்வரத்துக்கும் மேளத்துக்கும் நடுவே யாருக்கு அது கேட்கப்போகிறது?

மாஸ்டர் குடையை மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார். "நான் கணக்கு வாத்தி" என்று மெல்லச் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அவன் உள்ளே போய் ரோகினியிடம் சொன்னான். அவள் கண்டிக்குக் கொண்டுபோகிற பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஸ்டோர் சத்தந்தானே?" என்றாள். "அது மொத நாளே இருந்திச்சே."

"ஒனக்குத் தெரியுமா?"

"டயகமையில எங்க லயம் ஸ்டோருக்கு மூனு மைல் கட்டை தூரம். இங்க வந்த புதுசுல எனக்குத் தூக்கமே வராது. இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கு."

"ஏன் சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் சிஸ்டம் சிஸ்டம்னு வேற ஏதோ சத்தத்தையில்ல தேடுனீங்க. ஸ்டோர்லயே வேலை செய்யிற ஆளுக்கு ஸ்டோர் சத்தம் கேக்காதுன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

அவனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. முற்றத்தில் குடை மடிக்கிற சத்தம் கேட்டது. மாஸ்டர் சொல்லிக்கொள்ளாமலே படியிறங்கிப் போனார்.

"இப்ப பேசு ரோகினி. இன்னைக்கு ஒரு சத்தமும் இல்ல. கொஞ்ச நேரம்."

அவள் மறுக்கவில்லை. பையை ஓரமாக வைத்துவிட்டு, சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, மைக்குக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தாள். அவன் பொத்தானை அமுக்கினான். திரையில் பச்சைக் கோடு நேராக ஓடத் தொடங்கியது. அவள் மைக்கைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். வாயைத் திறந்து மூடினாள். எங்கேயோ ஒரு சேவல் கூவியபோது மட்டும் கோடு கொஞ்சம் நடுங்கியது. அவன் தலையை ஆட்டி அவளைத் தூண்டவில்லை. ஆட்டைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் அவனுக்கு இல்லை.

எட்டு நிமிசம் அப்படியே போனது. அவள் எழுந்தாள். அடுப்படி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவன் பொத்தானை அமுக்கும்வரைக்கும் காத்திருந்துவிட்டுப் பேசினாள்.

"அலுத்துப்போச்சுங்க. மொத நாளு பேசினது நான் ஒங்களோட பேசினது. அதுக்கப்புறம் பேசினதெல்லாம் பொட்டியோட."

"தெரியும்."

"அத ஏன் அழிச்சீங்க?"

அவனிடம் பதில் இருந்தது. மழை, ஷிப்ட், ஹட்டன், ஃப்ளொப்பி. ஒவ்வொன்றும் உண்மைதான். அவன் மைக் வயரைக் கழற்றிச் சுருட்டத் தொடங்கினான். அவள் அதைப் பார்த்துவிட்டு, அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை வெட்டினார்கள். கழுத்தில் கட்டோடு அவள் படுத்துக் கிடந்தாள். பேச வேண்டாம் என்று நேர்ஸ் சொல்லியிருந்தாள். பார்க்க விடுகிற நேரத்தில் அவன் கட்டிலருகே நின்றான். அவள் விரலால் தண்ணீரைக் காட்டினால் கொடுப்பான். பக்கத்துக் கட்டில் அம்மா சிங்களத்தில் அவனிடம் ஊரெல்லாம் விசாரித்தாள். அவன் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான். வெளியே போனால் ஆஸ்பத்திரி மதிலோரம் நிற்பான். அவள் சத்தத்தை நினைத்துப் பார்ப்பான். பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று அவள் கூப்பிடுகிற சத்தத்தை. சொல் வரும். சத்தம் வராது.

நாலாம் நாள் பின்னேரம் துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு மாசம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் டொக்டர். ஹட்டனில் பஸ் மாறி உட்கார்ந்ததும் ரோகினி தலையை ஜன்னலோரம் சாய்த்தாள். பஸ் ஒரு வளைவு எடுத்து, இன்னொரு வளைவு எடுத்தது.

"என்னங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். அவன் அவள் பக்கம் குனிந்தான்.

"மாறிடுச்சா?"

கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. சளி பிடித்தால் அப்படித்தானே இருக்கும்? நாலு நாள் பேசாமல் இருந்து பேசினாலும் அப்படித்தானே? முன்னே இதைவிட மேலே இருந்ததா, உள்ளே ஒரு கனம் இருந்ததா? பதினாலு வருசத்தையும் துழாவினான். ஆடு வந்தது, போஞ்சி வந்தது, பல் விளக்கிய வாயோடு கங்காணி ஓடிவந்தார். எல்லோரும் இந்தப் புதுக் குரலிலேயே வந்தார்கள். ஒத்துப் பார்க்க அவனிடம் ஒன்றுமில்லை.

"இல்லை" என்று சொல்ல வாயெடுத்தான்.

"தெரியல" என்றான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அழுவாளோ, திட்டுவாளோ என்று இருந்தான். இரண்டும் இல்லை. "எனக்கும் தெரியல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நோர்வூட் தாண்டியது. மேட்டில் பஸ் முக்கியது. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள்.

தோட்டத்துப் பாதை பிரிகிற இடம் வந்தது. ரோகினி எழுந்து கம்பியைப் பிடித்தாள்.

"எறக்கம்" என்றாள்.

கண்டக்டர் திரும்பவில்லை. எஞ்சின் சத்தமா, அவள் குரலில் வலு இல்லையா, அதையும் அவனால் சொல்ல முடியவில்லை. அவள் இன்னொரு முறை சொல்லக் கழுத்துக் கட்டின்மேல் கையை வைத்து மூச்செடுத்தாள். கணேசமூர்த்தி அவளை முந்திக்கொண்டு கூரைத் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினான். பஸ் பத்து யார் தூரம் தள்ளிப் போய் நின்றது.